பத்து ரூபாய் ரீசார்ஜும் சர்க்கிள் ஹெட்டும்

மாதக் கடைசி நாள், இரவு பதினொரு மணி. செல்போன் கம்பெனிகளின் மண்டல அலுவலகங்களில் அந்த நேரத்தில் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள். எத்தனை ஆக்டிவேஷன், எத்தனை போர்ட் அவுட் (நம்பரோடு வேறு கம்பெனிக்குப் போனவர்கள்), டார்கெட்டுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று குரூப்பில் அரை மணிக்கு ஒரு தடவை கணக்கு விழுந்துகொண்டே இருக்கும். சர்க்கிள் என்றால் லைசென்ஸ் எல்லை, ஏறக்குறைய ஒரு மாநிலம். அந்த சர்க்கிளின் ஹெட் தூங்கப் போன பிறகுதான் கீழே இருக்கும் மேனேஜர் தூங்கலாம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கண்ணுக்குப் படுவது வேறு. கொழுத்த சம்பளம், பங்குகளாகக் கிடைக்கும் போனஸ், பார்சிலோனாவில் வருஷா வருஷம் நடக்கும் மொபைல் மாநாடு, நாற்பது வயதில் துணைத் தலைவர் பதவி. இந்தத் துறையில் ஏறி வந்த சிலரிடம் உட்கார்ந்து பேசினேன். அவர்கள் எவ்வளவு உயரம் போனார்கள் என்பதைவிட, எங்கிருந்து ஏறத் தொடங்கினார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஒருவரைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றார். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, கோவையில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். முதல் வேலை நகல் எடுக்கும் மெஷின் விற்பது. 1990-களின் நடுவில் செல்போன் கம்பெனிகள் ஆள் தேடியபோது, செல்போன் விற்ற அனுபவம் நாட்டில் யாருக்கும் கிடையாது. அதனால் மெஷினோ, குளிர்பானமோ, சோப்போ, எதையாவது படியேறி இறங்கி விற்றவர்களைப் பிடித்துப் போட்டார்கள். இவர் அப்படி உள்ளே போனவர். வெளியே வரும்போது ஒரு சர்க்கிளுக்கே தலைவர்.

1995 ஜூலை 31-ல் கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு முதல் செல்போன் அழைப்பு போனது. நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். வருகிற அழைப்புக்கும் காசு. “போனை வாங்கிடுவாங்க சார், ஆனா நம்பரை யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. யாராவது கூப்பிட்டுட்டா என்ன பண்றதுன்னு பயம்” என்கிறார். டாக்டர், பில்டர், சினிமா பைனான்சியர் என்று தேடித் தேடி ஓட வேண்டியிருந்தது. சென்னை ஒரு சர்க்கிள், மற்ற தமிழ்நாடு இன்னொரு சர்க்கிள். ஏலத்தில் கண்மண் தெரியாமல் தொகை கேட்டு லைசென்ஸ் எடுத்த கம்பெனிகள் அதைக் கட்ட முடியாமல் மூச்சுத் திணறின. 1999-ல் வந்த கொள்கை, நிலையான கட்டணத்துக்குப் பதிலாக வருமானத்தில் பங்கு என்று மாற்றியது. அது வந்திராவிட்டால் பலர் அப்போதே கடையைக் கட்டியிருப்பார்கள்.

2003-ல் இன்கமிங் இலவசமானதும் எல்லாம் தலைகீழானது. மேஸ்திரி வாங்கினார், பூக்காரம்மா வாங்கினார், மிஸ்டு கால் பிறந்தது. அதிகாரிகள் ஓட்டல் லாபியை விட்டுப் பெட்டிக்கடைக்கு வந்தார்கள். நம் ஆள் அப்போது கொங்கு மண்டலத்துக்குப் பொறுப்பு. ஷாம்பு பாக்கெட் சரத்துக்குப் பக்கத்தில் ஸ்கிராட்ச் கார்டு தொங்கிய காலம். திருப்பூரில் ஒரு கடைக்காரர் ரீசார்ஜ் கடன் எழுதி வைக்கும் நோட்டைக் காட்டினாராம். திங்கள் முதல் வெள்ளி வரை பெயரும் தொகையுமாக நிறைந்திருந்தது. சனிக்கிழமை ராத்திரி எல்லாப் பெயரும் அடிக்கப்பட்டிருந்தது. பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதானே வாரச் சம்பளம்!

தலைமை அலுவலக ரிப்போர்ட்டில் மாத மொத்தம்தான் இருந்தது. அந்த நோட்டைப் பார்த்த பிறகு இவர் டிஸ்ட்ரிபியூட்டர்களைக் கூப்பிட்டு, சனிக்கிழமை மதியத்துக்குள் கடைகளில் பத்து, இருபது ரூபாய் கார்டு குறையக் கூடாது என்றார். பெரிய தொகைக் கார்டுகளை அவ்வளவாகத் தள்ள வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அந்த ஊரில் விற்பனை எகிறியது. “வாரத்துக்குச் சம்பளம் வாங்குறவன்கிட்ட மாசத்துக்கு ஒருதரம் காசு கேட்டா எப்படிக் கொடுப்பான்?” இருபது வருஷத்துக்கு முந்தைய கேள்வி இது. இன்றைக்கும் இதற்குப் பதில் இல்லை.

இன்ஜினீயரிங் பக்கத்திலும் இதே வளர்ப்புதான். டிரைவ் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. காரில் லேப்டாப்பும் நாலைந்து போனுமாக ரோடு ரோடாகப் போய், எங்கே சிக்னல் இறங்குகிறது, எங்கே கால் அறுந்துபோகிறது என்று பதிய வேண்டும். கொடைக்கானல் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு நிறுத்தி அளந்தவர்கள் பின்னாளில் நெட்வொர்க் தலைவர்கள் ஆனார்கள். எந்த மேட்டில் டவர் வைத்தால் எந்தப் பள்ளம் இருட்டாகும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

2018 நவம்பர் 16 விடிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. கரண்ட் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. டவரின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் டீசல் ஜெனரேட்டர். டீசல் போக ரோடு இல்லை, வழியெல்லாம் தென்னை விழுந்து கிடந்தது. கேன்களை டிராக்டரில் ஏற்றினார்கள். இருக்கிற டீசல் எந்த டவருக்கு முதலில் என்ற கேள்வி வந்தது. வருமானக் கணக்குப்படி பார்த்தால் ஊருக்கு நடுவில் இருக்கும் டவர்கள். நம் ஆள் அரசு மருத்துவமனைப் பக்கமும், முகாம்கள் இருந்த கடலோரக் கிராமங்களும் முதலில் என்றார். மும்பையைக் கேட்டு முடிவெடுக்க நேரமும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. சொந்த ஊர் டெல்டா என்பதால் எந்தத் தெருவில் எது இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அப்படி ஒருவர் சர்க்கிள் தலைவர் நாற்காலியில் இருந்தது அந்த மக்களின் நல்ல காலம்.

இன்றைக்கு அந்த நாற்காலிக்கு யார் வருகிறார்கள்? துறை கடந்து வந்த அடிகளைப் பார்த்தால் புரியும். 2010-ல் 3ஜி ஏலம் 34 நாள் நடந்து 67,719 கோடி ரூபாயில் முடிந்தது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 லைசென்ஸ்களை ரத்து செய்தது. 2016 செப்டம்பருக்குப் பிறகு நடந்த விலைப் போர் எல்லோரும் அறிந்தது. ஒரு சர்க்கிளில் பத்துக் கம்பெனி போட்டியிட்ட இடத்தில், அரசு நிறுவனத்தை விட்டால் மூன்றுதான் மிஞ்சின. நாற்பது, நாற்பத்தைந்து வயதில், பையன் பிளஸ் டூ படிக்கும்போது வேலை போனவர்கள் ஏராளம். அவர்களில் பலர் களத்தில் வளர்ந்தவர்கள். கடன் தலைக்கு மேல் ஏறிய கம்பெனிகளில் கடனைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மதிப்பு கூடியது. முடிவுகள் சர்க்கிளை விட்டு டெல்லிக்கும் மும்பைக்கும் போய்விட்டன. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதத்துக்கு எவ்வளவு வருகிறது என்ற ஒரே ஓர் எண், ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து ‘ஆர்ப்பு’ என்பார்கள், அதிகாரியின் தலையெழுத்தை எழுதுகிறது.

அந்த எண்ணை உயர்த்தாமல் 5ஜிக்கும் புது டவருக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று கம்பெனித் தரப்பு கேட்கிறது. கேட்கட்டும். எனக்குக் கவலை அந்த எண்ணை உயர்த்திய விதத்தில்தான்.

2018 கடைசி வரை, பத்து ரூபாய் போட்டுவிட்டு மாதக்கணக்கில் இன்கமிங்கை மட்டும் வைத்துக்கொண்டிருந்தவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். அதற்குப் பிறகு, சிம் உயிரோடு இருக்க வேண்டுமானால் குறைந்தபட்ச ரீசார்ஜ் கட்டாயம் என்று ஆனது. தொகை ஏறிக்கொண்டே போனது. 28 நாள் பிளான் வந்ததால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். நெட் தேவைப்படாத பட்டன் போன் பாட்டிக்கும் டேட்டாவைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். 2024 ஜூலையில் விலை மறுபடி ஏறியது.

போன் வெறும் பேச்சுக்கு மட்டும் என்றால் நான் இவ்வளவு பதற மாட்டேன். வங்கிக் கணக்கு, கேஸ் சிலிண்டர், ஆதார், எல்லாம் அந்த நம்பரோடு கட்டப்பட்டிருக்கின்றன. 90 நாள் உபயோகம் இல்லாவிட்டால் நம்பரைத் துண்டித்து, பிறகு வேறொருவருக்குக் கொடுக்க விதி இடம் தருகிறது. சித்தாள் வேலை இல்லாத மழைக்காலத்தில் ரீசார்ஜ் பண்ண முடியாமல் போன ஒரு பெண்ணின் வங்கி ஓடிபி, யாரோ முன்பின் தெரியாதவர் போனுக்குப் போகும். இதை ஒரு ‘லோ வேல்யூ கஸ்டமர்’ வெளியேறினார் என்று அட்டவணையில் எழுதுவது எளிது. திருப்பூர் கடன் நோட்டைப் பார்த்தவரால் அப்படி எழுதியிருக்க முடியாது. அத்தகைய ஆட்களை வளர்ப்பதை இந்தத் துறை நிறுத்திவிட்டது என்பதுதான் என் குற்றச்சாட்டு. கேம்பஸில் எடுத்த நிர்வாகப் பட்டதாரியை ஒரு வருஷமாவது கடைத் தெருவிலும் டவர் அடியிலும் நிறுத்தாமல் மேலே அனுப்பாதீர்கள்.

ஒரு சின்ன நல்ல செய்தி. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு விதிகள் திருத்தப்பட்டன. டேட்டா இல்லாமல், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தரும் ரீசார்ஜ் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் வைத்திருக்க வேண்டும். இத்தகைய ரீசார்ஜுக்கு 365 நாள் வரை செல்லுபடி கொடுக்கலாம். விளம்பரத்தில் இது அவ்வளவாக வராது, கடைக்காரரும் தானாகச் சொல்ல மாட்டார். உங்கள் வீட்டில் பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர் யாராவது இருந்தால், அடுத்த தடவை ரீசார்ஜ் பண்ணும்போது ‘வாய்ஸ் ஒன்லி’ என்று கேட்டுப் போடுங்கள். இல்லை என்றால் விடாதீர்கள், இருக்கிறது என்று சொல்லுங்கள்.