எந்த மருந்தைத் தாங்கும்?

"இந்த ரகம் களை மருந்தைத் தாங்கும்" என்று யாராவது காய்கறி விதைப் பாக்கெட்டை நீட்டினால், எந்த மருந்தை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தாங்குதிறன் என்பது ஒரு பயிருக்கும் ஒரு மருந்துக்கும் இடையிலான கணக்கு. மெட்ரிபூசினைத் தக்காளிச் செடி சர்க்கரையோடு பிணைத்து முடக்கிவிடும், வெங்காயத்தால் முடியாது. வெங்காயம் தாங்குகிற ஆக்ஸிஃப்ளூர்ஃபெனைத் தக்காளி நாற்றின் மேல் அடித்தால் இலை கருகும். தக்காளியிலேயே ரகத்துக்கு ரகம் வித்தியாசம் உண்டு. சில நாள் தொடர்ந்து மூட்டம் போட்டிருந்தால் தாங்குகிற ரகமும் மெட்ரிபூசினிடம் அடி வாங்கும்.

எதை அடித்தாலும் சாகாத 'மரபணு ரகம்' என்று சொல்லி விற்றால் சந்தேகமே வேண்டாம், வாங்காதீர்கள். களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றக் காய்கறி எதற்கும் இந்தியாவில் சாகுபடி அனுமதி இல்லை. புழுவுக்கு எதிராக உருவான பி.டி. கத்தரியே 2010 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. கிளைபோசேட் லேபிளிலும் காய்கறிக்கு இடமில்லை.

திருக்கோகர்ணம் பக்கம் நெல் வயலை ஒட்டிக் கத்தரி, வெண்டை போடுகிறவர்கள் தாங்கள் அடிக்காத மருந்துக்கும் அஞ்ச வேண்டும். நெல்லில் அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்கும் 2,4-டி அப்படிப்பட்டது. அதன் எஸ்டர் வகை வெயிலில் ஆவியாகிக் காற்றோடு வரப்பு தாண்டும். தக்காளி, வெண்டையின் இலைகள் ஒடுங்கிச் சுருண்டு, தண்டு முறுக்கிக்கொள்ளும். பார்த்தால் வைரஸ் நோய் போலவே இருக்கும். வெள்ளை ஈதான் காரணம் என்று நினைத்துப் பூச்சி மருந்துக்கு வேறு பணம் போகும், செடிதான் தேறாது. சரியாகக் கழுவாத ஸ்ப்ரேயரில் ஒட்டியிருக்கும் மிச்சமும் இதே வேலையைச் செய்யும். களைக்கொல்லிக்குத் தனி ஸ்ப்ரேயர் வைத்துக்கொள்வது ஆடம்பரம் அல்ல.

பாதிப்பு வந்தால் செடியைப் பிடுங்கிப் போடாதீர்கள். தேதியோடு படம் எடுத்து, தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, வயலாய்வு அறிக்கை கேளுங்கள். கடைக்காரர் தவறான மருந்தையோ விதையையோ கொடுத்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.

பக்கத்து வயல்காரர் அடித்த மருந்து என்றால் அந்த ஆணையம் உதவாது, சிவில் நீதிமன்றம்தான். அதற்கு முன், காற்று அடங்கிய நேரத்தில் அடிக்கச் சொல்லி அவரிடமே பேசிப் பார்ப்பது நல்லது.

பில் இல்லாத புகார் பாதி வழியிலேயே நின்றுவிடும். பேட்ச் எண் எழுதிய பில்லையும் காலிப் பாக்கெட்டையும் அறுவடை முடியும்வரை பத்திரமாக வையுங்கள். சந்தேகமிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.