பாலர் ஆசிரியைப் பயிற்சியும் பஞ்சாயத்தின் பங்கும்

விதைநெல் வாங்கும் விவரமறிந்த உழவர், மூட்டையில் கட்டியுள்ள நீல நிறச் சான்று அட்டையைப் பார்த்த பின்னரே பணம் கொடுக்கிறார். விதையின் முளைப்புத் திறன் எவ்வளவு, எந்த நாள் வரை அதை விதைக்கலாம் என்பனவற்றையெல்லாம் விசாரிக்கிறார். ஒரு போக விளைச்சலுக்கே இவ்வளவு எச்சரிக்கை கொள்ளும் நாம், மூன்று வயதுக் குழந்தையை ஊரிலுள்ள அங்கன்வாடியில் விட்டு வரும்போது, அங்குள்ள ஆசிரியை எங்கே, யாரிடம், எவ்வாறு பயிற்சி பெற்றார் என்று கேட்பது அரிது. அவருக்குப் பயிற்சி அளித்தவர்கள் எங்கே பயின்றார்கள் என்று கேட்பது அதனினும் அரிது.

நம் மாநிலத்தில் 54,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் இயங்குகின்றன. அவற்றில் பணிபுரிவோர் பெரும்பாலும் பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள். பல்கலைக் கழகத்தில் குழந்தை வளர்ச்சி பயின்று பட்டம் பெற்றவர்கள் நேரே அப்பணிக்கு வருவது குறைவு. அவர்கள் மேற்பார்வையாளராகவும், திட்ட அலுவலராகவும், பயிற்சி நிலைய ஆசிரியராகவும் அமர்ந்து, அங்கன்வாடிப் பணியாளருக்கு வழிகாட்டுகிறார்கள். ஆகவே பல்கலைக் கழகத் துறையொன்றில் இன்று எவ்வாறு கற்பிக்கப்படுகிறதோ, சில ஆண்டுகளில் அதுவே நம் ஊர்க் குழந்தையை வந்தடைகிறது. வாய்க்காலின் தலைமடையில் நீர் கலங்கினால் கடைமடை வயலிலும் கலங்கல்தான் பாயும். அத்துறையை வழிநடத்துவோரின் பணி யாது, அதில் பஞ்சாயத்தின் பங்கு யாது என்பதை இங்கு விளக்குவோம்.

பயிற்சி எதற்கு?

பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாதா, இதற்கு ஒரு படிப்பா என்று கேட்போர் உண்டு. தம் பிள்ளை ஒன்றைத் தாய் வளர்ப்பது வேறு. இருபது வீட்டுப் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் ஒருவர் பேணுவது வேறு. இரண்டு வயதுக் குழந்தையும் ஐந்து வயதுக் குழந்தையும் அங்கே ஒன்றாக அமர்ந்திருக்கும். ஒன்று தாயை நினைத்து அழும். மற்றொன்று அடுத்ததைக் கடிக்கும். வேறொன்று நாள் முழுவதும் வாய் திறவாது. வாய் திறவாத குழந்தைக்குக் கூச்சமா, காது கேட்பதில் குறையா என்று கண்டறிய வேண்டும். அதற்கு அந்த வயதில் இயல்பான வளர்ச்சி எது என்ற அறிவு தேவை. புளியங்கொட்டையால் எண்ணிக்கை கற்பிக்கலாம். ஆனால் மிகச் சிறு குழந்தையின் கையில் அதைக் கொடுத்தால் மூக்கிலோ வாயிலோ இட்டுக் கொள்ளும். எந்தப் பொருளை எந்த வயதினருக்குக் கொடுப்பது என்று அறிவதும் பயிற்சியின் பயனே.

தாராபாய் மோடக் காட்டிய வழி

இத்துறையில் நம் நாட்டுக்கு முன்னோடியாக விளங்கியவர் ஸ்ரீமதி தாராபாய் மோடக். வழக்கறிஞர் தொழிலை விட்டுக் கல்விப் பணிக்கு வந்த கிஜுபாய் பதேகா, குஜராத்தின் பாவநகரில் 1920-ஆம் ஆண்டில் பாலமந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். பட்டதாரியான தாராபாய் அவருடன் சேர்ந்து குழந்தைகளுக்குக் கற்பித்ததோடு, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பணியிலும் ஈடுபட்டார். ஆயினும் அக்காலத்தில் இக்கல்வி பெரும்பாலும் நகரத்து வசதியுள்ள வீட்டுக் குழந்தைகளுக்கே கிட்டிற்று.

அதனைக் கிராமத்துக்குக் கொண்டு செல்லக் கருதிய தாராபாய், அனுதாய் வாக் என்னும் ஆசிரியையின் துணையுடன், மகாராஷ்டிரக் கடலோரத்திலுள்ள போர்டி கிராமத்தில் 1945-இல் கிராமக் குழந்தைக் கல்வி நிலையத்தை நிறுவினார். பள்ளி திறந்தும், ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதியிலிருந்து குழந்தைகள் வரவில்லை. இதற்காகத் தாராபாய் பெற்றோரைக் குறை கூறவில்லை. குழந்தை வரவில்லையாயின் பள்ளி குழந்தையிடம் செல்ல வேண்டும் என்று, அவர்கள் வீட்டு முற்றத்திலேயே பால்வாடியை நடத்தினார். முற்றத்தைக் குறிக்கும் அங்கண் என்னும் சொல்லிலிருந்து பிறந்ததே அங்கன்வாடி என்னும் பெயர். தமிழிலும் அங்கணம் என்பதற்கு முற்றம் என்ற பொருள் உண்டு. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டபோது, இப்பெயரே நாடெங்கும் பரவியது.

பின்னர் அந்நிலையம் வார்லி பழங்குடியினர் வாழும் கோஸ்பாட் மலைப் பகுதிக்கு மாறியது. அங்கே பிள்ளைகள் மாடு மேய்க்கச் சென்றார்கள். ஆகவே மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடந்தது. விலை கொடுத்து வாங்கும் கருவிகளுக்குப் பதிலாக விதைகளும், இலைகளும், சிப்பிகளும், கூழாங்கற்களும் பாடக் கருவிகளாயின. பயிற்சி பெற வந்த ஆசிரியைகளும் இச்சூழலிலேயே தொழில் கற்றார்கள். தாராபாய்க்கு 1962-இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1973-இல் அவர் மறைந்த பின் அனுதாய் அப்பணியைத் தொடர்ந்தார்.

துறைத் தலைவரின் கடமைகள்

தாராபாய் நடத்தியது பல்கலைக் கழகமன்று. எனினும், ஆசிரியைப் பயிற்சி குழந்தை இருக்கும் இடத்தில் நிகழ வேண்டும் என்று அவர் காட்டிய நெறி, பல்கலைக் கழகங்களுக்கும் பொருந்தும். பரோடாவிலுள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக் கழகத்தில் இத்துறையினர் 'சேதன் பால்வாடி' என்னும் குழந்தைப் பள்ளியைத் தம் பொறுப்பிலேயே நடத்துகின்றனர். நம் மாநிலத்திலும் மனையியல் கல்லூரிகளில் குழந்தை வளர்ச்சி ஒரு பாடமாக நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. கோவையில் 1957-இல் கல்லூரியாகத் தொடங்கி 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமாக உயர்ந்த அவினாசிலிங்கம் நிறுவனம் இதற்கு எடுத்துக்காட்டு.

இத்தகைய துறையின் தலைவருக்குப் பாடத்திட்டம் வகுப்பதும் தேர்வு நடத்துவதும் மட்டுமே வேலை என்று எண்ணலாகாது. மாணவியரைத் தேர்ந்தெடுப்பது அவரது முதற் கடமை. மதிப்பெண் தேவைதான், ஆயினும் குழந்தையோடு தரையில் அமரவும், தாய்மொழியில் கதை சொல்லவும், அழும் பிள்ளையைப் பொறுமையுடன் தேற்றவும் மனமுள்ளவரா என்று பார்ப்பதும் தேவை.

இரண்டாவது, கற்பிப்போரைக் குழந்தைகளிடமிருந்து விலகாமல் காப்பது. பல ஆண்டுகள் விரிவுரை மட்டுமே நிகழ்த்தியவர், வயலில் இறங்காத வேளாண் ஆலோசகரைப் போன்றவர். அவரும் ஆண்டுதோறும் சில நாட்களாவது குழந்தைகளுடன் பணியாற்றத் துறைத் தலைவர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

மூன்றாவது, செயல்முறைப் பயிற்சியைப் படிப்படியாக அமைப்பது. மாணவி முதலில் ஓரமாக அமர்ந்து ஒரு குழந்தையைக் கவனித்துக் குறிப்பெழுத வேண்டும். பின்னர் நான்கைந்து குழந்தைகளுடன் ஒரு விளையாட்டை நடத்த வேண்டும். அதன் பின்னரே நாள் முழுவதற்கும் பொறுப்பேற்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் பேராசிரியை உடனிருந்து பார்த்து, எது சரி, எது தவறு என்று அன்றே பேச வேண்டும். பார்வையிடுவார் இல்லாத பயிற்சியில் தவறுகளே பழக்கமாகிவிடும்.

நான்காவது, கல்லூரி வளாகத்துப் பள்ளியோடு நில்லாது கிராம மையத்துக்கும் மாணவியரை அனுப்புவது. வளாகத்துப் பள்ளியில் இடமும் கருவிகளும் இருக்கும். கிராமத்து அங்கன்வாடிப் பணியாளரோ எடை பார்க்கிறார், பதிவேடு எழுதுகிறார், இணை உணவு வழங்குகிறார், கர்ப்பிணிகளின் வீடு சென்று பேசுகிறார். இவற்றினூடே குழந்தைகளுக்குக் கற்பிக்கிறார். இதனைக் கண்ணால் காணாத பட்டதாரி, நாளை மேற்பார்வையாளராக வந்து கூறும் அறிவுரை நடைமுறைக்கு உதவாது.

பஞ்சாயத்து கேட்க வேண்டியவை

கிராமமே செயல்முறைப் பயிற்சியின் களம் என்றால், அக்களத்துக்குரியவர்களுக்கும் பொறுப்பு உண்டு. 1992-இல் இயற்றப்பட்ட 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்ட பதினோராவது அட்டவணையில், பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 இனங்கள் உள்ளன. மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு அவற்றுள் ஒன்று. ஆகவே இது நமக்குப் புறம்பான வேலையன்று.

பல்கலைக் கழகமோ கல்லூரியோ தன் மாணவியரை நம் ஊருக்கு அனுப்ப விரும்பினால் மகிழ்ச்சியுடன் வரவேற்போம். வரவேற்கும்போதே சிலவற்றைக் கேட்போம். எத்தனை நாட்கள் தங்குவார்கள்? இரண்டு நாள் வந்து படமெடுத்துச் செல்வது பயிற்சியாகாது. புது முகத்துக்குக் குழந்தை பழகவே ஒரு வாரமாகும். ஒரே மாணவி தொடர்ந்து வருவாரா, நாள்தோறும் ஆள் மாறுமா? பேராசிரியை எந்தெந்த நாட்களில் வந்து பார்வையிடுவார்? நம் அங்கன்வாடிப் பணியாளருக்கு இதனால் கூடுதல் சுமையா, உதவியா? அவர் அனுபவத்திலிருந்து மாணவியர் கற்றுக்கொள்வார்களா? பயிற்சி முடிவில் தாய்மார்களைக் கூட்டிக் கண்டறிந்தவற்றைச் சொல்வார்களா? இவற்றுக்கு நேரான விடை தரும் துறைத் தலைவர் தம் பொறுப்பை உணர்ந்தவர் என்று கொள்ளலாம்.

நம் தரப்பிலும் செய்ய வேண்டியவை உண்டு. மையத்துக்குக் குடிநீர், கழிப்பிடம், சுற்றுவேலி, நிழல் தரும் மரம் ஆகியன இருக்கின்றனவா என்று பார்ப்போம். மணல் ஒரு வண்டி கொட்டினால் குழந்தைகளுக்கு ஆண்டு முழுதும் விளையாட்டு. தேங்காய்ச் சிரட்டை, பனையோலை, சோளத்தட்டை, குளத்துக் களிமண் ஆகியவை செலவின்றிக் கிடைக்கும் கருவிகள். ஓலையில் கிலுகிலுப்பை முடையத் தெரிந்த பாட்டிமாரும், கதை சொல்லும் பெரியவர்களும் ஊரில் இருப்பார்கள். அவர்களை மையத்துக்கு அழைத்தால் மாணவியருக்கு அதுவே ஒரு பாடமாகும். வெளியூரிலிருந்து வரும் பெண்கள் பாதுகாப்பாகத் தங்கவும் பஞ்சாயத்து ஏற்பாடு செய்தல் வேண்டும்.

"விளையாட்டுத்தானா?"

பயிற்சி பெற்றவர் வந்ததும் பெற்றோர் எழுப்பும் கேள்வி ஒன்றுண்டு. "எழுத்துச் சொல்லிக் கொடுக்காமல் விளையாட விடுகிறார்களே, இதற்குத்தானா படித்து வந்தார்கள்?" என்பது அது. இக்கேள்வியை ஏளனம் செய்யலாகாது. கூலி வேலைக்குச் செல்லும் தாய் தன் பிள்ளை முன்னேற வேண்டும் என்ற ஆவலால் கேட்கிறாள். அவளுக்கு விளங்கும்படி விடை கூற மாணவியைப் பழக்குவதும் பயிற்சியின் ஒரு பகுதி.

விடை இதுதான். மூன்று வயதுக் குழந்தையின் விரல்கள் எழுதுகோலைப் பிடித்து எழுதும் அளவுக்கு இன்னும் உரம் பெறவில்லை. களிமண் உருட்டுவதாலும் பூக்கோப்பதாலும் அவ்விரல்கள் பழகுகின்றன. பெரிய விதை, சிறிய விதை என்று பிரித்து வைப்பது கணக்கின் தொடக்கம். கதை கேட்டுத் திருப்பிச் சொல்வது, நாளை படித்துப் பொருள் உணர்வதற்கு அடிப்படை. தன் முறை வரும்வரை காத்திருப்பது, பிறரோடு கூடி வாழ்வதற்கான முதற் பாடம். உழாமல் விதைத்தால் விதை வீணாகும் என்பதை உழவருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியை நடத்தும் விளையாட்டு அந்த உழவு வேலையே. நோக்கமின்றிக் குழந்தைகளைச் சும்மா விட்டு வைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை, ஒரு நாள் மையத்தில் அமர்ந்து பார்த்தால் எவரும் கண்டுகொள்ளலாம்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் சாலை, விளக்கு, குடிநீர் ஆகியவற்றோடு அங்கன்வாடியையும் ஒரு பொருளாகச் சேர்ப்போம். அங்குள்ள ஆசிரியை கடைசியாக எப்போது பயிற்சி பெற்றார், மேலும் எதில் பயிற்சி வேண்டும் என்று அவரையே கேட்போம். அவர் கூறுவதை மேற்பார்வையாளருக்கும், அருகிலுள்ள கல்லூரித் துறைத் தலைவருக்கும் எழுத்து மூலம் தெரிவிப்போம். கிராமத்திலிருந்து வரும் இத்தகைய கடிதங்கள், பாடத்திட்டம் வகுப்போர்க்கு நூலகத்தில் கிடைக்காத செய்தியைத் தரும். அதனால் விளையும் நன்மை நம் குழந்தைகளுக்கே வந்து சேரும்.