ஸ்லோ ஸ்பீடில் வண்டி ஏன் உதறுகிறது?

பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படும் சமயத்தில்தான் பழைய கார் தன் சுபாவத்தைக் காட்டும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும், குமுளி, மூணாறு, பீர்மேடு பக்கமும் நம் குடும்பங்களில் இன்னும் சில அம்பாசடர், பிரீமியர் பத்மினி, பழைய மாருதி 800 வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கார்புரேட்டர் வைத்த இந்த வண்டிகள் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் உதறினாலோ, நின்றுபோனாலோ, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகுமுன் நாமே சிலவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

இதை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு மலைப்பாதையே காரணம். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டிகளில் அந்தப் பூஸ்டர் வேலை செய்வது என்ஜின் இழுக்கும் வேக்குவத்தால். இறக்கத்தில் என்ஜின் அணைந்துவிட்டால் ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாக இறுகிவிடும். போடிமெட்டு வளைவுகளில் நியூட்ரலில் இறங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பலர் முதலில் கை வைப்பது கார்புரேட்டர் ஸ்க்ரூவில். உண்மையில் அது கடைசி வேலை. உதறல் ஒரே தாளத்தில், விட்டுவிட்டு வந்தால் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் ஆகிறது என்று பொருள். மூன்றே சிலிண்டர் உள்ள மாருதியில் இது வண்டியையே ஆட்டிவிடும். என்ஜினை அணைத்து, ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அதன் முனை என்ஜின் இரும்பில் படும்படி வைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். உதறல் அதிகமானால் அந்தச் சிலிண்டர் நல்லது. மாற்றமே இல்லையென்றால் கோளாறு அதில்தான். பெட்ரோல் கசிவு இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம்.

பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் சரியானது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கும். மழைக்காலத்தில் மட்டும் தொல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை உலர்த்தித் துடையுங்கள். இரவில் பானெட்டைத் திறந்தால் பழுதான ஒயரில் நீலப்பொறி தெரியும்.

சோக்கைப் பாதி இழுத்தால்தான் என்ஜின் நிற்காமல் ஓடுகிறதா? ஒன்று, வேக்குவம் ஹோஸ் வெடித்துக் காற்று புகுகிறது. அல்லது ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது. ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் புதிது வாங்க வேண்டியதுதான். காற்றடித்தால் போதும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு விஷயம்: கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள மூணாற்றில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 15 சதம் குறைவு. பாலக்காட்டில் சரியாக ட்யூன் செய்த வண்டி அங்கே பெட்ரோல் மிகுந்து கரும்புகை விடும். அங்கே திருத்தினால் கீழே வந்ததும் பெட்ரோல் போதாமல் உதறும். அதனால் வண்டி அதிகம் ஓடும் ஊரில்தான் ட்யூன் செய்ய வேண்டும். ஸ்க்ரூவைத் தொடுமுன் அது எத்தனை சுற்றில் இருந்தது என்று எழுதி வையுங்கள்.

இன்னொன்று, இப்போது பம்புகளில் கிடைக்கும் 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இது பழைய ரப்பர் ஹோஸ்களைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் பெட்ரோல் ஹோஸ்களை மாற்றிவிடுவது நல்லது. பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்திய கார்களுக்குப் புகைச் சோதனையில் ஐடிலிங்கின்போது கார்பன் மோனாக்ஸைடு 3 சதத்தைத் தாண்டக்கூடாது. எனவே முதலில் பிளக், பாயிண்ட், ஏர் ஃபில்டர் மூன்றையும் சரிபார்த்துவிட்டு அந்தச் சோதனைக்குப் போங்கள்.