கடப்பிதழின் உண்மையான விலை என்ன?

கடப்பிதழ் கட்டணம் என்றதும் பலரும் தொகையை மட்டுமே பார்க்கின்றனர். அது எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். 2021 அக்டோபர் முதல் தேதி தொடங்கி, 16 வயதை எட்டியவர்களுக்கு அங்கு ஐந்தாண்டுக்குப் பதில் பத்தாண்டு கடப்பிதழ் வழங்கப்படுகிறது. கட்டணமோ அப்போது உயரவில்லை, அதே 70 வெள்ளிதான். ஆண்டுக்கு 14 வெள்ளியாக இருந்த செலவு 7 வெள்ளியானது. சத்தமில்லாமல் பாதி விலை!

மலேசியாவில் ஐந்தாண்டுக் கடப்பிதழின் கட்டணம் 2015-இல் 300 ரிங்கிட்டிலிருந்து 200 ரிங்கிட்டாகக் குறைக்கப்பட்டது. சிறு பிள்ளைகளுக்கும் மூத்த குடிமக்களுக்கும் 100 ரிங்கிட். கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள், பாட்டி என ஐவர் உள்ள வீட்டுக்கு அந்தக் கணக்கில் 700 ரிங்கிட் ஆகிறது. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பம், விமான டிக்கெட்டைப் பற்றி நினைப்பதற்கு முன்பே இதைப் புரட்டியாக வேண்டும்.

இந்தியாவில் பெரியவர்களுக்கான 36 பக்கப் பத்தாண்டுக் கடப்பிதழுக்கு 2012-இல் 1,500 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அவசரமாக வேண்டுமென்றால் 'தட்கல்' முறையில் மேலும் 2,000 ரூபாய். கடப்பிதழைவிட அவசரத்திற்கே விலை அதிகம்! ஆஸ்திரேலியாவில் பத்தாண்டுக் கடப்பிதழ் 2025-இல் 412 டாலரை எட்டியது. விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் கட்டணத்தை உயர்த்துவது அங்குள்ள வழக்கம்.

இன்னொன்றும் உண்டு. கடப்பிதழ் காலாவதியாக ஆறு மாதங்களாவது மீதமிருக்க வேண்டும் எனப் பல நாடுகள் கேட்கின்றன. ஐந்தாண்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவர், நாலரை ஆண்டிலேயே குடிநுழைவு அலுவலகத்திற்குப் போவது நல்லது.