கடைசி லாரி போன பிறகு

சித்தூரில் ஜூன் மாதத்து வேலைநாள் பொழுது சாய்ந்த பிறகுதான் சூடு பிடிக்கும். பகலெல்லாம் தோப்பில் பறித்த தோத்தாபுரி, நம் பக்கத்தில் கிளிமூக்கு என்போமே அதே பழம், டிராக்டரிலும் லாரியிலும் ஏறி, இருட்டுகிற நேரத்துக்கு மாங்கூழ் ஃபேக்டரிகளின் கேட்டுக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் துணி விரித்துப் படுத்திருப்பார்கள். ஊர் முழுக்கப் புளித்த பழ வாசனை அடிக்கும்.

அப்படி ஒரு ஃபேக்டரியின் பரிசோதனைக் கூடத்தில் 2011-லிருந்து மூன்று சீசன் வேலை பார்த்தேன். வீடு காட்பாடியில். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஆந்திரா. பஸ்ஸில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு, முக்கால்வாசிப் பேர் இரண்டும் பேசுவார்கள்.

சீசன் என்றால் ஏறக்குறைய இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் மெஷின் நிற்காது. பழத்தைப் பழுக்க வைத்து, கழுவி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அழுகலைப் பொறுக்கி, காம்புப் பக்கத்தை அரிந்து தள்ளுவார்கள். கொட்டையும் தோலும் பிரிந்து கூழாகி, சூடேறி, காற்றுப் புகாத பையில் இறங்கி, டிரம்மில் அடைபடும். ஒரு டிரம் 215 கிலோ. அது அரபு நாட்டுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறும். அரியும் பெண்களின் விரலிடுக்கில் மாம்பால் பட்டுக் கொப்புளம் வரும். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு மறுநாளும் வந்து உட்காருவார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று எனக்குக் கால் வீங்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணைத் திறந்தபடியே தூங்கியிருக்கிறேன்.

இந்தக் கஷ்டத்துக்காக ஒருவர்கூட வேலையை விட்டு நான் பார்க்கவில்லை. ஆள் நின்றது வேறு காரணத்துக்காக.

கூழின் இனிப்பை பிரிக்ஸ் என்ற அளவால் குறிப்பார்கள். ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் எண் தெரிந்துவிடும். தோத்தாபுரிக்கு வாங்குகிறவர்கள் 14 கேட்பார்கள். சரியாகப் பழுக்காத லோடு கலந்துவிட்டால் 12-க்கு இறங்கிவிடும். எங்கள் மேலாளர் பார்ப்பதற்கு முன்பே 14 என்று எழுதச் சொல்வார். எழுதினால் போதாது, அதன் கீழே என் கையெழுத்தும் வேண்டும். மறுத்த அன்று ரிஜிஸ்டரைத் தூக்கி மேஜைமேல் எறிந்தார். அரிந்துகொண்டிருந்த நாற்பது பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். என் படிப்பு, என் ஊர், என் அப்பாவின் தொழில் எல்லாம் அவர் வாயில் வந்து போயின.

அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று பையை எடுத்தேன். குடிபாலா பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஓர் அம்மா, சீசன் வேலையில் தலை நரைத்தவர், கையைப் பிடித்து நிறுத்தினார். “இப்ப முடிவு பண்ணாத பாப்பா. ராத்திரியில எடுத்த முடிவு ராத்திரிக்குத்தான் ஆவும். கடைசி லாரி போவட்டும். சீசன் கஷ்டம் சீசனோட போயிடும். ஆளோட கொணம்னா அப்பறமும் இருக்கும். இருந்து பாரு, தெரிஞ்சுரும்.”

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என்னிடம் வந்து “வேலையை விடட்டுமா?” என்று கேட்டிருக்கிறார்கள். ஸ்ரீசிட்டியில் கம்பெனி பஸ் ஏறுகிற பெண்கள், ரேணிகுண்டாவில் செல்போன் பாகம் பொருத்துகிற பையன்கள், திருப்பதி லாட்ஜ் வரவேற்பில் நிற்கிறவர்கள். அந்த அம்மா சொன்னதைவிட நல்ல சோதனையை நான் இன்னும் கேள்விப்படவில்லை. கடுமை வேலையிலிருந்து வருகிறதா, இடத்திலிருந்து வருகிறதா? வேலையின் கடுமைக்கு ஒரு தேதி உண்டு. அந்தத் தேதி கடந்தும் அது குறையாவிட்டால் அது வேலையால் வந்ததல்ல.

நான் இருந்து பார்த்தேன். ஆகஸ்டில் கடைசி லாரி வந்து போனது. அக்டோபரில் ஃபேக்டரியில் ஈ அடிக்கவும் வேலை இல்லை. அவசரமில்லை, நெருக்கடியில்லை, கப்பலுக்கு நாள் குறிக்கவில்லை. அப்போதும் டீக் கணக்கில் எட்டு ரூபாய் இடித்ததற்கு, ஆபீஸ் பையனை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து அரை மணி நேரம் வைதார் அந்த மேலாளர். எனக்கு விடை கிடைத்துவிட்டது.

விடை கிடைத்த பிறகும் இன்னொரு சீசன் அங்கேயே இருந்தேன். தங்கையின் கல்லூரிக் கட்டணம் ஒரு காரணம். இன்னொன்று, நான் போனால் அந்த மேஜையில் உட்காரப் போகிறவள் யார் என்ற யோசனை. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970-ல் ஒரு சிறிய புத்தகம் எழுதினார். கெட்டுப்போகும் அமைப்புக்குள் இருப்பவருக்கு இரண்டு வழி, வெளியேறுவது அல்லது குரல் எழுப்புவது. விசுவாசம் இவற்றில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைத் தீர்மானிக்கும் என்பது அவர் வாதம். நைஜீரிய ரயில்வேயைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த எண்ணம் உதித்தது. சத்தம்போட்டுச் சண்டை பிடிக்கக்கூடிய வாடிக்கையாளர்கள் லாரிக்கு மாறிப் போய்விட்டார்கள். தட்டிக் கேட்க ஆளில்லாமல் ரயில்வே மேலும் கெட்டது. பேசத் தெரிந்தவர் முதலில் போய்விடுகிற இடம் மிஞ்சியவர்களுக்கு இன்னும் மோசமாகும். நான் மறுத்ததால்தான் சில லோடுகளில் உண்மையான எண் எழுதப்பட்டது. நான் வெளியேறினால் அதுவும் நின்றுபோகும் என்பது தெரிந்தேதான் வெளியேறினேன். அதை இன்றும் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனால் விசுவாசத்துக்காக மட்டுமே ஓர் இடத்தில் இருந்துவிட முடியாது என்பதற்குச் சித்தூரிலேயே சாட்சி உண்டு. கூட்டுறவுப் பால் பண்ணை, ஒரு காலத்தில் மாவட்டமே பெருமையாகச் சொன்ன டெய்ரி, 2002-ல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவர் என் பஸ்ஸில் வருவார். “கதவு திறக்கும்னு ரெண்டு வருஷம் வேற எங்கேயும் கேட்காம இருந்தேம்மா” என்றார். அமுல் நிறுவனம் அதை எடுத்து நடத்தப் பூமி பூஜை போட்டது 2023-ல். பழைய பாக்கி 182 கோடி ரூபாயை அரசு தீர்த்துவிட்டதாக அப்போது அறிவித்தார்கள். நடுவில் போன இருபத்தொரு வருடத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இதே மாவட்டத்தின் கதை இன்னொன்று. ஜேம்ஸ் கசின்ஸ் என்ற ஐரிஷ் கவிஞர், அன்னி பெசன்ட் நடத்திய நியூ இந்தியா பத்திரிகையில் துணையாசிரியராக 1915-ல் சென்னைக்கு வந்தார். மறு வருடம் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஈஸ்டர் கிளர்ச்சி நடந்து, அதன் தலைவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். கசின்ஸ் அவர்களைப் போற்றி எழுதினார். வேலை போயிற்று. அனுப்பியது பெசன்ட் அம்மையார்தான். மதனப்பள்ளி பிரம்மஞானக் கல்லூரியில் ஆசிரியர் இடம் கொடுத்ததும் அவரேதான். சென்னைப் பத்திரிகை ஆபீஸிலிருந்து அன்றைய சித்தூர் மாவட்டத்தின் வறண்ட மூலைக்கு வந்த அந்த மனிதருக்கு அது இறக்கமாகத்தான் தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன். 1919-ல் தாகூர் அந்தக் கல்லூரிக்கு வந்து தங்கினார். ஒரு மாலை ‘ஜன கண மன’ பாடினார். கசின்ஸின் மனைவி மார்கரெட் அதற்கு இசைக்குறிப்பு எழுதினார். தாகூர் அங்கேயே அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

வேலை போனால் தாகூர் வருவார் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் வீட்டு வாடகைதான் வரும். என்னை அந்தக் கதையில் தொடுவது வேறு. கசின்ஸுக்கு அடுத்த இடம் தயாராக இருந்தது. வேலைக்கும் வேலைக்கும் நடுவே அவர் கால் அந்தரத்தில் தொங்கவில்லை. என் அறைத் தோழி ஒருத்தி கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் சும்மா இருந்து, கடைசியில் முன்னதைவிட மோசமான இடத்தில், குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தாள். காலியான கையோடு பேரம் பேச முடியாது.

அதனால் கடுதாசி எழுதுவதற்கு முன் என்னிடம் வருகிறவர்களைக் கணக்குப் பார்க்கச் சொல்கிறேன். பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும். நான்கரை வருடத்தில் ரோஷப்பட்டுப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பி.எஃப். பணத்தை ஒவ்வொரு முறையும் எடுத்துத் தீர்க்காமல் புதிய இடத்துக்கு மாற்றிக்கொண்டே போனால்தான் ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்து வருடம் சேரும். சீசன் தொழிலாளிக்கும் பணிக்கொடை உண்டு, சீசனுக்கு ஏழு நாள் சம்பளம். 1972-ஆம் வருடச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது. கூடவே வந்த ஊதியத் தொகுப்பு, ராஜினாமா செய்தவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளில் கொடுக்கச் சொல்கிறது. மாம்பால் பட்ட கைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பத்துச் சீசன் உழைத்தவரின் பெயர் ரிஜிஸ்டரில் ஒரு சீசனுக்குக்கூட இருக்காது. பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள் என்பேன்.

நான் திருப்பதியில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் இடம் உறுதியான பிறகுதான் சித்தூர் வேலையை விட்டேன். சம்பளம் ஆயிரம் ரூபாய் குறைவு. முதல் வாரம் ஒரு மாதிரியில் அளவு சரியில்லை என்று பயந்து பயந்து எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி படித்துப் பார்த்து, “இன்னொரு தடவை பார்த்துட்டீங்களாம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

குடிபாலா அம்மாவோடு இன்றும் போனில் பேசுவதுண்டு. போன மே மாதம் அவரே கேட்டார். “இந்த சீசனுக்குப் போவட்டுமா பாப்பா? ஷெட்டுல ராத்திரி மேஸ்திரி சரியில்ல. பொம்பளைங்கள வாய்க்கு வந்தபடி பேசறான்.” பேத்திக்கு ஜூனில் பள்ளிக் கட்டணம் என்பது எனக்குத் தெரியும். போகாதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. எத்தனை பேர் இதே மனதோடு இருக்கிறீர்கள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி, ஆறு பேர் என்றார்.

முதல் லாரி வந்த அன்று சாயந்திரம் ஆறு பேரும் கேட்டுக்கு வெளியே ஒருவருக்கொருவர் காத்திருந்து, சேர்ந்தே உள்ளே போய், கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் ஆபீஸ் அறைக் கதவைத் தட்டினார்களாம்.