கல்லுக்குள் இருக்கும் கரி

ஆலைக் கூரை முழுக்கச் சூரியத் தகடு பதித்தாயிற்று; லாரிகளை மின்கலத்துக்கு மாற்றியாயிற்று; வளாகத்தைச் சுற்றி மரமும் நட்டாயிற்று. ஒரு சிமென்ட் நிறுவனம் இத்தனையும் செய்த பிறகும் அதன் கரியமில வாயுக் கணக்கில் பெரும்பகுதி அசையாமல் நிற்கும். மூலப்பொருளான கல்லே அந்த வாயுவை வெளியிடுவதுதான் காரணம்.

சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். தூய கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். நம்மூர்ச் சுண்ணாம்புக் காளவாய்களில் காலங்காலமாக நடந்ததும் இதே வேதிவினைதான். சிமென்ட் சூளையில் களிமண்ணும் சேர்த்து, சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, ‘கிளிங்கர்’ என்னும் கெட்டியான உருண்டைகளாக்குகிறார்கள். அதை ஜிப்சத்தோடு அரைத்தால் சிமென்ட். ஆலை வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 60 சதவீதம் கல் பிரிவதால் வருவது. மீதியில் பெரும்பங்கு சூளை எரிபொருளுடையது. உலகின் மொத்தக் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவீதம் சிமென்டால் வருகிறது.

கல்லிலிருந்து வாயு வருவதைத் தடுக்க முடியாது. வந்த பின் பிடிக்கலாம். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் மெட்டீரியல்ஸ் நிறுவனம் நார்வேயிலுள்ள பிரெவிக் ஆலையில் இதைத்தான் செய்கிறது. 2025 ஜூனில் முறைப்படி திறக்கப்பட்ட அங்குள்ள அமைப்பு, ஆண்டுக்கு 4 லட்சம் டன் வாயுவைப் பிடிக்கும் திறன் கொண்டது. சூளைப் புகையை அமீன் கரைசலுக்குள் செலுத்தினால் கரியமில வாயு மட்டும் அதில் ஒட்டிக்கொள்ளும். கரைசலைச் சூடாக்கினால் வாயு பிரிந்து வரும். அதைத் திரவமாக்கி, கப்பலில் மேற்குக் கரைக்குக் கொண்டுபோய், குழாய் வழியே வட கடலின் அடித்தளத்துக்குக் கீழே சுமார் 2,600 மீட்டர் ஆழத்தில் செலுத்துகிறார்கள்.

இவ்வளவுக்கும் பிடிபடுவது ஆலையின் வெளியேற்றத்தில் பாதிதான். கரைசலைச் சூடாக்க வெப்பம் வேண்டும். சூளையில் வீணாகும் வெப்பம் அந்தப் பாதிக்குத்தான் போதும். செலவில் பெரும்பகுதியை ஏற்றதும் நார்வே அரசு. எல்லா நாட்டுக்கும் இது வாய்க்காது.

இதே நிறுவனம் 2030-க்குள் ஒரு டன் சிமென்ட் பொருளுக்கான வெளியேற்றத்தை 400 கிலோவாகக் குறைப்பதாகவும், 2050-க்குள் நிகர பூஜ்யத்தை எட்டுவதாகவும் உறுதி தந்திருக்கிறது. முதல் உறுதியில் ‘ஒரு டன்னுக்கு’ என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு நிறுவனம் டன்னுக்கு 20 சதவீதம் குறைத்து, உற்பத்தியை 30 சதவீதம் கூட்டினால், மொத்த வெளியேற்றம் 4 சதவீதம் ஏறியிருக்கும். வளிமண்டலத்துக்கு ‘ஒரு டன்னுக்கு’ என்ற கணக்கு தெரியாது. போய்ச் சேரும் மொத்தம்தான் அதற்குக் கணக்கு.

கட்டடங்கள் இன்னும் பெருகப்போகும் இந்தியாவுக்கு மலிவான வழி, சிமென்டில் கிளிங்கரின் அளவைக் குறைப்பது. அனல்மின் நிலையச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் கலப்பது இங்கே பழகிப்போன முறை. ஆனால் நிலக்கரியை விட்டு விலக விலக, சாம்பலும் குறையும். அதற்கு மாற்றாக வருவது எல்சி3 என்னும் கலப்பு சிமென்ட். இதில் கிளிங்கர் பாதி. மீதிப் பாதியில் சுட்ட களிமண், சுடாத சுண்ணாம்புக்கல், கொஞ்சம் ஜிப்சம். களிமண்ணைச் சுட 800 டிகிரியை ஒட்டிய வெப்பம் போதும்; அதிலிருந்து கரியமில வாயுவும் பிரிவதில்லை. வழக்கமான சிமென்டோடு ஒப்பிட்டால் வெளியேற்றம் 40 சதவீதம் வரை குறையும். சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு சென்னை ஐஐடியும் இதை உருவாக்குவதில் பங்கேற்றது. 2023-ல் இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது.

ஆகவே ஒரு சிமென்ட் நிறுவனத்தின் காலநிலை அறிக்கையில் மரக்கன்றுப் படங்களைத் தாண்டி இரண்டு எண்களைத் தேடலாம்: ஆண்டு மொத்த வெளியேற்றம் எவ்வளவு, ஒரு டன் சிமென்டில் கிளிங்கர் எவ்வளவு. இரண்டும் ஆண்டுதோறும் இறங்கினால் வாக்குறுதி நடக்கிறது என்று நம்பலாம்.