கணினிக்கு எத்தனை கைகள் வேண்டும்?

வீட்டுக் கணினி மந்தமாகிவிட்டது என்று பிள்ளைகள் முறையிடுவதும், "கூடுதல் கோர் உள்ள புரொசெசர் போடுங்கள்" என்று கடைக்காரர் யோசனை கூறுவதும் இன்று கண்டி மாநகரில் பல குடும்பங்களுக்குப் பழகிய செய்திகளாகும். யோசனை கூறுவது எளிது. பணம் கொடுப்பதன்றோ கடினம்? புரொசெசர் முதலிய பாகங்கள் அந்நிய நாடுகளிலிருந்து வருவன. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதை எவரும் மறந்திலர். ஆகவே, மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் இச்செலவைச் செய்யுமுன் சற்று நிதானித்தல் நலம்.

கோர் என்பது யாது? கணக்கிடும் வேலையைச் செய்யும் கை என்று கொள்ளலாம். முன்னாளில் ஒரு புரொசெசருக்கு ஒரே கை. அக்கையின் வேகத்தை ஆண்டுதோறும் கூட்டிவந்தனர். வேகம் மிக மிக வெப்பமும் மிகுந்தது. 2004ஆம் ஆண்டில் 4 கிகாஹேர்ட்ஸ் வேகமுள்ள பென்டியம் 4 புரொசெசரை வெளியிடும் திட்டத்தை இன்டெல் நிறுவனம் கைவிட்டது. மறு ஆண்டே, இன்டெலும் ஏ.எம்.டி.யும் இரண்டு கோர்கள் கொண்ட புரொசெசர்களை வீட்டுக் கணினிகளுக்கென விற்கலாயின. அன்று முதல் கைகளின் தொகை பெருகியே வருகின்றது.

கைகள் பெருகினால் வேலை அவ்வளவுக்கு விரைந்து முடியுமா? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள் தொட்டுக் கண்டி மலைநாட்டார் இதற்கு விடை அறிவர். நூறு பேர் மலையில் இறங்கினால் கொழுந்து விரைவில் சேரும். ஆனால், பறித்த கொழுந்து வாடுவதற்குப் பல மணி நேரம் செல்லும். ஆயிரம் பேர் சூழ்ந்து நின்றாலும் அந்நேரம் குறையாது.

இதே உண்மையைச் சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1967இல், கணினிகளுக்குப் பொருத்திக் காட்டினார் அமெரிக்கப் பொறியியலாளர் ஜீன் அம்டால். பங்கிட முடியாத பகுதியே விரைவின் எல்லையை வகுக்கும் என்பது அவர் கருத்து. ஒரு கோர் 60 நிமிடத்தில் முடிக்கும் வேலை ஒன்றைக் கருதுவோம். அதில் 48 நிமிட வேலையைப் பங்கிடலாம். 12 நிமிட வேலையைப் பங்கிட இயலாது. நான்கு கோர்கள் இருப்பின் 24 நிமிடம், எட்டாயின் 18, பதினாறாயின் 15. நான்கு வரை 36 நிமிடம் மிச்சம். எட்டிலிருந்து பதினாறுக்குச் செல்கையில் மூன்றே நிமிடம். விலையோ அவ்வாறு சிறுத்துச் செல்வதில்லை!

ஆகவே, வேலையைப் பார்த்தே கோரைத் தீர்மானித்தல் வேண்டும். திருமண வீடியோக்களைத் தொகுத்துப் பிழைப்பு நடத்தும் கட்டுகஸ்தோட்டை ஸ்டூடியோக்காரருக்குக் கூடுதல் கோர்கள் பயன் தரும். வீடியோவைப் பல துண்டுகளாக்கிப் பங்கிடலாம். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவியின் கட்டுரைக்கும், கடைக் கணக்குக்கும், இணையவழிப் பாடத்துக்கும் நான்கு கோர்கள் பெரும்பாலும் போதும்.

ஐயம் தீர்க்க எளிய சோதனை ஒன்றுண்டு. கணினி தயங்கும் வேளையில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. தோன்றும் பட்டியலில் புரொசெசரின் பயன்பாடு நூறு வீதத்தை அண்டி நின்றால் கூடுதல் கோர் உதவக்கூடும். அது தாழ்ந்திருக்க நினைவகம் நிரம்பி நின்றால் ரேம் வாங்குக. வட்டு மட்டும் ஓயாது உழைத்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துக. பழைய கணினி பலவற்றுக்கு இவ்விரண்டுமே கைகண்ட மருந்து.

வேறு இரு செய்திகளும் கருதத்தக்கவை. புதிய புரொசெசர் பழைய மதர்போட்டில் பொருந்தாவிடின் அதனையும், சில வேளை ரேமையும் மாற்ற நேரிடும். முழுத் தொகையையும் முன்னரே கேட்டறிக. அன்றியும், விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11 இரண்டு கோர்களையே கேட்கின்றது. ஆயினும் பழைய தலைமுறைப் புரொசெசர்களை அது ஏற்பதில்லை. அத்தகைய கணினி உடையோர் மாற்றம் செய்வது நியாயமே. அதற்குக் காரணம் புரொசெசரின் வயது. கோர்களின் தொகை அன்று.

கடைக்குச் செல்லுமுன் வீட்டார் ஒருங்கே அமர்ந்து, "எந்த வேலைக்காக நாம் காத்திருக்கின்றோம்?" என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். விடை தெளிவாயின் வாங்குக. தெளிவில்லையேல் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.